பாற்பல்லும் மெய்ச்சொல்லும்

1989-ஆம் ஆண்டில் வட ஆற்காட்டினின்றும் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு, வேலூர் சாலையில் ஏரியை அண்டியிருந்த வேங்கிக்காலுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து குடியிருப்புகளும் கடைவீதியும் பெருகின. எங்களைப் போன்ற வைத்தியர்களும் வந்தோம். திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளுக்கென்று செங்கம், தண்டராம்பட்டு, போளூர், கலசபாக்கம் பக்கங்களிலிருந்து மனுவோடு வருகிற ஜனங்களில் சிலர், ஆட்சியர் அலுவலகத்து வேலை முடிந்ததும், கையோடு கூட்டிவந்த குழந்தையின் பல்லையும் காட்டிவிட்டுப் போய்விடலாமென்று என் சிகிச்சையகத்துக்கு வருவதுண்டு. அப்படி வருகிற குழந்தைக்கு அதற்கு முன் பல் வைத்தியரைப் பார்த்த அனுபவம் பெரும்பாலும் இராது. பலநாள் பொறுத்துப் பார்த்து, கிராம்பு வைத்துப் பார்த்து, கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூக்கமில்லாமல் அழுது, ஆகாரம் இறங்காத நிலைமைக்கு வந்த பிறகே அந்த முதல் சந்திப்பு நிகழ்கிறது. குழந்தையும் வைத்தியரும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமற்ற சந்தர்ப்பத்தை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை.

"விழுந்து மொளைக்கிற பல்லுதானே டாக்டரம்மா, புடுங்கிப் போட்டுடுங்க" என்று கூட வந்த தாத்தா சொல்லுவார். அவர் சொல்வதில் கருணைக் குறைவு எதுவும் இல்லை. பேரன் படும் வேதனையைக் காணச் சகியாமல் சொல்லுகிற பேச்சு அது. ஆனால் பாற்பல்லைப் பற்றி நம் நாட்டில் வேரூன்றிப்போன அசிரத்தை அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பாற்பற்கள் மொத்தம் இருபது. சாதாரணமாக ஆறாம் மாதத்தில் கீழ்த்தாடையின் நடுவில் முதற்பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்குகின்றன என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிலைத்திருந்து உணவை மெல்ல வேண்டியவை என்பதும், அவை பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பதைப் போலப் பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடத்தைக் காத்து நிற்கின்றன என்பதும் அநேகருக்குத் தெரியாது. நான்கு வயதில் அந்தப் பல்லை எடுத்துவிட்டால் அக்கம்பக்கத்துப் பற்கள் காலியிடத்தில் சாய்கின்றன. நிரந்தரப் பல் தனக்குரிய காலத்தில் வரும்போது, வரிசையில் இடமின்றி ஒதுங்கி முளைக்கிறது.

பல்லைப் பிடுங்கும் நிலைக்குக் கொண்டுவருகிற சொத்தை ஒரே நாளில் வருவதும் அன்று. பாற்பல்லின் மேலோடு நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது; ஆகையால் பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் நடக்கிற கேடு குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நடந்துவிடும். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கப் பண்ணுவது இதற்கு முதற்காரணம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துபோவதால், பல்லின்மேல் தேங்கிய இனிப்பைக் கழுவிவிட யாருமில்லை. அதை உண்டு அமிலத்தை விளைவிக்கிற கிருமிகளுக்கு இரவு முழுதும் தடையில்லாத அவகாசம் கிடைக்கிறது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டினாற்போல் மங்கிய வெண்ணிறக் கோடு ஒன்று தோன்றுவதுதான் முதல் அறிகுறி. அந்த நிலையில் கண்டுகொண்டால் புட்டியை நிறுத்தி, அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் தாயே துலக்கிவிட்டு, நாங்களும் ஃபுளோரைடு பூச்சு ஒன்றைத் தடவிவிட்டால் பல் மறுபடி உறுதிப்பட வாய்ப்பு உண்டு, ஊசியில்லை, அறுவையில்லை. கோடு பழுப்பாகிக் குழியான பிறகு வருகிறவர்களுக்கு இந்த எளிய வழி அடைபட்டுப் போகிறது.

ஃபுளோரைடு என்றதும் பயப்படுகிற பெற்றோர் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. மேற்கே அண்டை மாவட்டங்களான தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, தலைமுறை தலைமுறையாகப் பற்கள் கறைபட்டும் எலும்புகள் பாதிக்கப்பட்டும் வந்ததைக் கண்டுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஏற்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே குடித்து வளரும் குழந்தையென்றால் நான் முதலில் ஊரையும் தண்ணீரையும் விசாரித்துக்கொள்கிறேன். நாள்தோறும் குடிநீரில் மிகையாக உட்செல்லுவது வேறு, பல்லின் மேற்பரப்பில் அரிசி அளவு தடவித் துடைப்பது வேறு என்று தாய்க்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னால், அவள் அதை விளங்கிக்கொள்ளாமல் போவதில்லை.

முதற்பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் வைத்தியரிடம் காட்டவேண்டுமென்று அமெரிக்கக் குழந்தைப் பல் வைத்திய அகாடமி கூறுகிறது. ஒரு வயதில் மொட்டையடித்துக் காது குத்துவதை நம்மவர்கள் எவ்வளவு சிரத்தையோடு செய்கிறார்கள்! யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே பல் முளைத்ததைக் கொண்டாடிக் குழந்தையின் தலையில் கொழுக்கட்டை சொரிகிற வழக்கம்கூட உண்டு. அந்தச் சந்தோஷத்தோடு இந்தச் சந்திப்பையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு உபகாரமாக இருக்கும் என்று நான் பலரிடம் சொல்லி வருகிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குப் பெரிய நாற்காலி வேண்டியதில்லை. தாயும் நானும் எதிரெதிரே முழங்காலோடு முழங்கால் முட்ட உட்காருகிறோம். குழந்தை தாயின் இடுப்பில் இருபுறமும் கால்களைப் போட்டு அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்க, அப்படியே மெல்லச் சாய்த்துத் தலையை என் மடியில் வாங்கிக்கொள்ளுகிறேன். பார்வை தாயின் மேலிருப்பதால் முதலில் திகைக்கும்; பிறகு அழும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கிறது. மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், விரலால் ஈறைத் தடவிப் பார்க்கிறேன், துணியால் எப்படித் துடைப்பதென்று தாய்க்குக் காட்டுகிறேன், நிமிர்த்தி அவள் தோளில் சேர்த்துவிடுகிறேன். குழந்தைக்கு அன்று நேர்ந்தது அவ்வளவே. ஆனால் அந்த இடத்தின் மணமும், விளக்கின் வெளிச்சமும், கையுறை போட்ட விரலும் அதற்கு வலியோடு சம்பந்தப்படாமல் அறிமுகமாகிவிட்டன.

வலியோடு வருகிற மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் விஷயம் வேறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதனுடைய காதில் பல செய்திகள் விழுந்திருக்கும். "அடம் பண்ணினா டாக்டரம்மா பெரிய ஊசியா போட்டுடுவாங்க" என்று தாய் சொல்லியிருப்பாள். அது விம்மத் தொடங்கியதும் "ஊசியெல்லாம் கிடையவே கிடையாது, சும்மா பாக்கத்தான் போறோம்" என்று தகப்பன் தேற்றியிருப்பான். "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று ஆயா சத்தியம் செய்திருப்பாள். அதட்டுவதைவிடவும் தேற்றுவதற்காகச் சொல்லப்படும் பொய்தான் அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் அபிப்பிராயம். அதட்டலைக் குழந்தை நாளும் கேட்டுப் பழகியிருக்கிறது. தான் முழுவதும் நம்பியிருந்தவர்கள் சொன்ன ஒன்று பொய்யாகப் போவதையோ அது அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக அனுபவிக்கிறது. அதற்குப் பிறகு நான் கண்ணாடியைக் காட்டி இது வெறும் கண்ணாடி என்றாலும் அது நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆகையால் எங்கள் தொழிலில் கைத்திறமைக்கு முன்னதாக வாக்குச் சுத்தத்தை வைத்து எண்ண வேண்டும் என்று நான் கருதுகிறேன். அமெரிக்கரான அடெல்ஸ்டன் 1959-இல் வகுத்துச் சொன்ன முறையொன்றை உலகெங்கும் குழந்தைப் பல் வைத்தியர்கள் பின்பற்றுகிறோம்: செய்யப்போவதை முதலில் சொல்ல வேண்டும், பிறகு காட்ட வேண்டும், சொல்லிக் காட்டியபடியே செய்ய வேண்டும். காற்றுக் குழாயை முதலில் குழந்தையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டுகிறேன். எச்சிலை உறிஞ்சும் குழாயால் ஒரு தம்ளர் தண்ணீரை அதுவே உறிஞ்சிப் பார்க்கட்டும் என்று கையில் கொடுத்துவிடுகிறேன். சுழலும் துலக்கியை அதன் விரல் நகத்தில் ஓடவிடுகிறேன். இந்த முறையின் ஜீவன் மூன்றாவது படியில் இருக்கிறது. காட்டியதற்கு மாறாக ஒன்றைச் செய்துவிட்டால் முதலிரண்டும் வீண்.

ஊசியின் விஷயத்தில்தான் இந்த நெறிக்குச் சோதனை வருகிறது. லிக்னோகேய்ன் என்னும் மரப்பு மருந்து ஸ்வீடன் தேசத்தில் 1943-இல் நீல்ஸ் லோஃப்க்ரேனால் ஆக்கப்பட்டதிலிருந்து பல் பிடுங்குவதன் பழைய கொடுமை நீங்கிவிட்டது. ஆனால் அந்த மருந்தை உள்ளே செலுத்த ஊசி வேண்டியிருக்கிறது. ஊசி என்ற பேச்சையே எடுக்காமல் "தூக்கத் தண்ணி" என்பன போன்ற செல்லப் பெயர்களால் மூடிவிடலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பெயரை மென்மையாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குழந்தை என் கண்ணைப் பார்த்து "ஊசியா?" என்று நேராகக் கேட்டால், "ஆமாம்" என்றுதான் சொல்லுகிறேன். "இந்த ஈறைத் தூங்க வைக்கப் போறேன் பாப்பா. முதல்ல ஜெல்லு தடவுவேன், அது கொஞ்சம் கசக்கும். அப்புறம் ஒரு கிள்ளு. அது வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள போயிடும், நீயே எண்ணு." ஜெல்லுக்கு மரப்பு ஏற அவகாசம் கொடுத்து, கன்னத்தை இழுத்துப் பிடித்து, மருந்தைத் துளித்துளியாக மெதுவாகச் செலுத்தினால் அந்தக் கிள்ளும் சிறிதாகவே இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும் என்று சொன்னதை நிறைவேற்றிக் காட்டவேண்டிய பிரயாசை என்னுடையது. வலி சொன்ன அளவுக்கு வந்து, சொன்ன நேரத்தில் போய்விட்டதென்பதைக் கண்ட குழந்தையின் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. மிட்டாய் கொடுத்து வரவழைக்கிற சமாதானம் அதற்கு ஈடாகாது.

இன்னொரு வாக்குறுதியும் கொடுக்கிறேன்: இடக்கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன். குழந்தைகள் பெரும்பாலும் இதை உடனே பரீட்சித்துப் பார்க்கும். ஒன்றும் வலிக்காதபோதே கை எழும். அப்போது இன்னும் கொஞ்சந்தான் என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்வது எவ்வளவு சுலபம்! வெளியே பத்துப்பேர் காத்திருப்பார்கள். ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவியை வாயிலிருந்து வெளியே எடுத்துவிடத்தான் வேண்டும். அந்த அதிகாரம் மெய்யாகவே தன் கையில் இருப்பதாகக் கண்டுகொண்ட பிறகு, அதைப் பிரயோகிக்க வேண்டிய அவசியம் குழந்தைக்கு மெல்ல மெல்லக் குறைந்துபோகிறது.

பெற்றோர் உள்ளே இருக்கலாமா என்பது பழைய விவாதம். பாஸ்டனில் ஃபிராங்கலும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார்கள்: 41 முதல் 49 மாதம் வரையுள்ள சிறு குழந்தைகளுக்குத் தாய் அருகிலிருப்பது நன்மை செய்கிறது, அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய பேதமில்லை என்று கண்டார்கள். நம் வீடுகளிலிருந்து தாய் மட்டுமா வருகிறாள்? தாத்தா, ஆயா, அத்தை, சித்தப்பா எல்லோரும் வருகிறார்கள். எல்லோரும் ஏககாலத்தில் தைரியம் சொல்லுகிறார்கள். நான் ஒருவரை மட்டும் உள்ளே இருத்திக்கொள்ளுகிறேன். அவரிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுகிறேன்: "கையைப் புடிச்சுக்குங்க, பேச வேணாம். வலிக்காதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வாக்குறுதிகள் செல்லாத வேளைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு வருகிற இரண்டு வயதுக் குழந்தையிடம் சம்பாஷணை செய்துகொண்டிருக்க முடியாது. வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால் உயிருக்கே ஆபத்து. அப்போது பிடித்துக்கொண்டு செய்யத்தான் வேண்டும், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மயக்கத்தில் செய்விக்க வேண்டும். அந்தக் கட்டாயம் நேராமல் தடுப்பதற்கு இப்போது சில வழிகள் இருக்கின்றன. ஜப்பானியர் 1960-களில் பல் வைத்தியத்தில் புகுத்திய வெள்ளி ஃபுளோரைடுத் திரவத்தை ஒரு சிறு தூரிகையால் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுபோகும், குடைய வேண்டியதில்லை. சொத்தையிருந்த இடம் கறுத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தையைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுத் தயங்குகிறார்கள்; முன்பல்லானால் அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. கடைவாய்ப்பல்லுக்கு அதைச் சிபாரிசு செய்ய நான் தயங்குவதில்லை. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் வைத்தியக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்குச் சென்று பார்க்கும் குறைபாடுகளில் பற்சொத்தையும் ஒன்று. அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டை மடித்து வைத்துவிடாமல் அந்த வாரத்திலேயே கொண்டுவருகிற தாயின் குழந்தைக்கு இந்தத் திரவத்தோடு காரியம் முடிந்துவிடக்கூடும்.

முதல்முறை வருகிறவர்கள் காலையிலேயே, குழந்தை தூங்கி எழுந்து பசியாறிய பிறகு வந்தால் நல்லது; மத்தியானத் தூக்க வேளையில் எந்தக் குழந்தைக்கும் பொறுமை இராது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பேருந்தில் இடிபட்டுக் களைத்து வந்து சேருவதைக் காட்டிலும் இரண்டு நாள் கழித்து வரலாம். கார்த்திகைத் தீபம் கழிந்த வாரத்தில் எங்கள் வாசலில் கூட்டம் அதிகம். வெல்லப் பாகில் பிடித்த பொரியுருண்டை பழைய சொத்தைக் குழிகளில் ஒட்டிக்கொள்ளும். பண்டிகைக்கு முன்பே வந்து காட்டிவிட்டுப் போகும்படி சொல்லிச் சொல்லி, இப்போது சில குடும்பங்கள் ஐப்பசியிலேயே வந்துவிடுகின்றன.

ஆறு வயதுக் குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வயதில் பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப்பல் புறத்துக்கொன்றாக மேலும் கீழும் முளைக்கிறது. விழுந்து முளைக்காததால் அதையும் பாற்பல் என்றே வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். ஆயுள் முழுமைக்கும் அதற்கு மாற்று வேறில்லை. அதன் மேற்புறத்திலுள்ள ஆழ்ந்த பிளவுகளில் உணவு தங்காதபடி ஒரு பசையைப் பூசி நீல ஒளியால் இறுகச் செய்துவிடலாம். சில நிமிஷ வேலைதான். அன்று ஊசி கிடையாது என்று நான் சொல்லுகிறேன். நான்கு வயதில் இதே நாற்காலியில் பத்து எண்ணிய பையன் அதைக் கேட்டுவிட்டு, தகப்பனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஏறிப் படுத்துக்கொள்ளுகிறான்.