வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

செவ்வாய்.
கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகியும் அண்ணிக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி வயிற்றைத் திறந்து, உள்ளே விட்டுப்போன துணியை எடுத்தார்கள். கேஸ் போட்டே தீருவது என்று அண்ணன் நிற்கிறார். வக்கீல் பார்ப்பது என் பொறுப்பு.

முதலில் பார்த்தவர் விபத்து வழக்குகளில் பெயர் எடுத்தவர். ஃபைலைப் பிரிக்கவே இல்லை. "இருபது லட்சம் கேப்போம். வர்றதுல மூணுல ஒரு பங்கு எனக்கு." கையில் காசில்லாத வீட்டுக்கு இது இதமான பேச்சு. ஆனால் ஜெயித்தால் இவ்வளவு என்று பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. எழுந்து வந்துவிட்டோம்.

வியாழன்.
இரண்டாவதாகப் பார்த்த வக்கீலம்மா முதலில் கேட்டது தேதி. "ஆபரேஷன் என்னைக்கு? துணி இருக்குன்னு தெரிஞ்சது என்னைக்கு?" நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடக் கெடு. அடுத்து, "கேஸ் ஷீட் வாங்கிட்டீங்களா?"

எங்களிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும்தான். ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்கள் எழுதுவது, ஒப்புதல் படிவம், துணி எண்ணிய தாள் எல்லாம் வேண்டுமாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. மனுவை நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கச் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் அப்புறம்தான். நோட்டீஸ் கண்டதும் தாள்கள் மாறிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

போலீசுக்குப் போகலாமா என்றார் அண்ணன். குற்ற வழக்கென்றால் கடும் அலட்சியத்தைக் காட்டவேண்டும், வேறு மருத்துவரின் கருத்தும் வேண்டும். இப்படிச் சொல்வது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. இழப்பீட்டுக்கு அந்த அளவு வேண்டாம். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010 கிஷன் ராவ் தீர்ப்பு சொல்கிறது. வயிற்றுக்குள் துணி கிடந்ததை விளக்க நிபுணர் எதற்கு? இரண்டாவது ஆஸ்பத்திரி டாக்டர் தான் கண்டதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 85,000. கேட்கும் தொகை எவ்வளவானாலும், கட்டிய தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகும். ஆக, மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணமும் கிடையாது. வக்கீலுக்கே வழியில்லாத பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், வருமானம் பார்ப்பதில்லை. இதைத் தெருத்தெருவாகச் சொல்லவேண்டும்.

இரவு.
எழும்பூர் அரசு மருத்துவமனை வழக்கைப் படித்தேன். 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. கண்ணைப் பரிசோதிக்கவேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. தேசிய ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2015-ல் சுமார் 1.8 கோடி. குழந்தைக்கு அப்போது பதினெட்டு வயது. தூக்கம் வரவில்லை.

வெள்ளி.
அண்ணி வக்கீலம்மாவிடம் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "துணியை எண்ணாம எப்படித் தைச்சாங்கன்னு அவங்க வாயால சொல்ல வைக்க முடியுமாம்மா?"

"கேள்வியா எழுதிக் கொடுப்போம். அவங்க எழுதித்தான் பதில் சொல்லணும்."

அண்ணி பேனாவை வாங்கி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

திங்கள் பத்து மணிக்கு ரெக்கார்டு ரூம். ஐ.பி. நம்பர், அண்ணியின் ஆதார் நகல், மனு இரண்டு பிரதி.