மோட்டாரைத் தேய்த்தது எது?

சென்னை புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையை விட்டு உள்தெருக்களில் நுழைந்தால், கதவு, பம்பர், ரேடியேட்டர் என்று கார்கள் உறுப்பு உறுப்பாகத் தொங்குகின்றன. அந்தப் பழைய உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் பட்டறை. தெருவே அவரைப் ‘பாய்’ என்று கூப்பிடுகிறது. அவர் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

வந்திருந்தது டபிள்யூ124 வகை மெர்சிடிஸ் பென்ஸ். 1995இல் அந்த நிறுவனம் புனேயில் உருவாக்கத் தொடங்கிய முதல் கார். வயதான வண்டி. சன்ரூஃப் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மழை வருவதற்குள் மூடியாக வேண்டும்.

இந்த வண்டியில் சன்ரூஃப் மோட்டார் டிக்கியின் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து குழாய்க்குள் ஓடும் கேபிள்தான் கூரைத் தகட்டைத் தள்ளுகிறது, இழுக்கிறது. பாய் அந்த 12 வோல்ட் மோட்டாரைப் பிரித்தார். கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, கம்முட்டேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிடந்தன. செம்புப் பட்டைகளுக்கு இடையே கரித்தூள் அடைத்திருந்தது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஆர்மேச்சர் தண்டிலும் மறுமுனையைப் பட்டைகளிலும் வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை; தண்டுக்கு மின்கசிவு இல்லை.

“காயில் நல்லாருக்கு. கட்ட வேணாம்.”

உடைந்த ஹேக்ஸா பிளேடின் முனையால் காடிகளைச் சுரண்டினார். வேறொரு மோட்டாரின் பெரிய பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்து, கூட்டுக்குள் சிக்காமலும் ஆடாமலும் நகரும்வரை அளவு பார்த்தார். பிறகு உப்புத்தாளைக் கம்முட்டேட்டரில் சுற்றி, பிரஷ்ஷின் முகத்தை அதன் வளைவுக்கு இழைத்தார். “முகம் முழுசும் உக்காரணும் சார். இல்லேன்னா பொறி பறந்து செம்பு கருகிடும்.”

மோட்டார் சுழன்றது. அவர் அதை வண்டியில் பூட்டவில்லை. “தானா ஓயாது சார் இது. எதையோ இழுத்து இழுத்து ஓஞ்சிருக்கு.”

கூரைத் தடத்தில் விடை இருந்தது. பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து தாராக இறுகியிருந்தது. உதவியாள் பையன் அதை வழித்தெடுத்துப் புது கிரீஸ் தடவினான். மூலைகளில் தண்ணீர் ஊற்றி, வடிகுழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தான். ஒரு மூலை அடைத்திருந்தது, அதையும் திறந்தான்.

பிறகு மோட்டாரை வண்டியில் பூட்டினார். கடைசியில் அதன் கிளட்ச். கூரை எதிலாவது முட்டினால் நழுவி விசையை விடுவது அதுதான். நட்டை இன்னும் இறுக்கினால் பலமாக இழுக்குமே என்றேன்.

“இழுக்கும். கொழந்த கை வெச்சா நிக்கணுமில்ல?” சுருட்டிய துணியைத் திறப்பில் வைத்து மூடிப் பார்த்து, துணியில் முட்டியதும் நிற்கும் அளவுக்கு நட்டைத் தளர்த்தினார்.

புதிதாகப் போட்ட பொருள் இரண்டு பிரஷ், கொஞ்சம் கிரீஸ். மற்றதெல்லாம் ரசீதில் எழுத முடியாதவை: சாகாத காயிலைச் சாகவிடாதது, தேய்மானத்தின் மூலத்தைத் தேடிப் போனது, முகம் தெரியாத ஒரு குழந்தையின் கையை நினைத்தது. கூலியில் பேரம் பேசுகிறவர்கள் பிரஷ்ஷின் விலையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாம் விலை தர வேண்டியது அந்த எழுதாத வரிகளுக்கு.