அடுத்த ஊர்க்காரி

திண்டுக்கல் சாலையில் மதுரையை விட்டு வெளியே வந்தால் பாத்திமா கல்லூரி, விளாங்குடி, அதைத் தாண்டினால் பரவை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அதனாலேயே நாட்டுப்புறப் பாட்டுப் பாடிய பரவை முனியம்மாவை எங்கள் ஊரான விளாங்குடியில் யாரும் பெரிய பாடகி என்று பேசியதில்லை. அடுத்த ஊர்க்காரி, அவ்வளவுதான். 2003 பொங்கலுக்கு ‘தூள்’ படம் வந்தது. தரணி இயக்கம், வித்யாசாகர் இசை. விக்ரம் ஆட்களைப் போட்டு மிதிக்க, நடுவில் இந்த அம்மா பாட, தமிழ்நாடே யாரிது என்று கேட்டது. எங்கள் டீக்கடையில் ஒரு பெரியவர், “இப்பத்தேன் காதுல விழுகுதாக்கும் இவுகளுக்கு?” என்றார்.

சினிமாவுக்கு அது அறிமுகம். எங்களுக்கோ அதற்கு முன்னால் பல வருஷங்கள் இருந்தன. பங்குனிப் பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே “இந்த வருசம் பரவைக்காரம்மாவா?” என்று பெண்கள் விசாரிப்பார்கள். பந்தலுக்கு முன்னால் பாயை விரித்து இடம் பிடிப்பது சாயங்காலமே தொடங்கிவிடும். மைக்செட் குழாயைப் புளியமரத்தில் கட்டியிருப்பார்கள். அதற்கென்று ஒரு கரகரப்பு உண்டு. முனியம்மாவின் குரல் அந்தக் கரகரப்பை மதிக்காது. அதையும் இழுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வரை போகும். பிறகு நல்ல ஹெட்போனில் அவர் பாட்டைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அத்தனை சுத்தமாக அந்தக் குரலை நான் கேட்டுப் பழகவில்லை.

ஆனால் நான் ஏங்குவது குரலுக்காக மட்டுமல்ல. பாயில் உட்கார்ந்திருந்த அப்பத்தாமார்களுக்காகவும்தான். எங்கள் அப்பத்தா கேட்கவே மாட்டாள், சண்டை போடுவாள். மேடையில் தெம்மாங்கு தொடங்கியதும், “இது எங்க ஆத்தா நடவுல பாடுனது. ரெண்டாவது அடிய மாத்திப்புட்டா பாரு” என்பாள். பக்கத்துப் பாயிலிருந்து, “மாத்தலத்தா, சோழவந்தான் பக்கம் இப்பிடித்தேன் பாடுவாக” என்று பதில் வரும். அதற்குள் மேடையில் பாட்டு வேறெங்கோ போயிருக்கும். முனியம்மா பாடியதில் எது வழிவழியாக வந்தது, எது அவர் இட்டுக்கட்டியது என்று பிரிக்கிற வேலை எங்களுக்கு இருக்கவில்லை. உலகமெங்கும் தானே எழுதித் தானே பாடுகிறவர்களைக் கொண்டாடுகிறோம். பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால் நமக்கு வசதி. இங்கே சொந்தம் கொண்டாட ஒரு பந்தல் நிறைய ஆள் இருந்தது. பாடுகிறவளைத் திருத்துகிற தகுதி கேட்கிறவளுக்கு இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று பாட எத்தனை துணிச்சல் வேண்டும்!

அந்தத் தகுதி வயலிலிருந்து வந்தது. கண்மாய்த் தண்ணீரில் நடவு நடந்த நாட்களில் குனிந்த முதுகுகளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது. ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள், கை நிற்காது. பிறகு நஞ்சை பிளாட்டானது, கல் ஊன்றினார்கள், பேரூராட்சியாக இருந்த விளாங்குடி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. தண்ணீர்க் குழாய், சாலை விளக்கு எல்லாம் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நடவு நட்ட பெண்களிடம் கேட்டால் முதுகு தப்பித்தது என்பார்கள். பாட்டுத்தான் போக்கிடம் இல்லாமல் மேடையில் மட்டும் தங்கியது.

சினிமா இந்தப் பெண்களைக் கூப்பிடுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1985-ல் ‘ஆண்பாவம்’ கொல்லங்குடி கருப்பாயியைக் கூட்டிப்போனது, பாட்டி வேஷத்துக்கு. பதினெட்டு வருஷம் கழித்து முனியம்மாவுக்கும் அதே வேஷம். நாட்டுப்புறக் குரல் என்றால் நரைத்த தலை வேண்டும் போல! இளம் வயதில் அவர் எப்படிப் பாடியிருப்பார் என்பதைப் பந்தலில் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும், அவர்களும் குறைந்துவிட்டார்கள். ‘தூளு’க்குப் பிறகு படங்கள் வந்தன. 2014-ல் ‘மான் கராத்தே’யில் அனிருத் இசையிலும் பாடினார். படங்களுக்குக் குறைவில்லாதவர் கையில் பணம் நிற்கவில்லை. 2015-ல் உடம்பு முடியாமல் கிடந்தபோது அவர் பெயரில் 6 லட்ச ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, மாத வட்டியில் செலவுக்கு வழி செய்தார்கள். கலைமாமணி விருதும் பின்னால் வந்தது.

2020 மார்ச் 29-ல் அவர் இறந்தார். ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். விளாங்குடியிலிருந்து பரவைக்கு நடந்தே போய்விடலாம். அன்றைக்கு நினைத்தவுடன் கிளம்ப முடியவில்லை. நான் சார்ஜாவில் இருந்தேன், விமானமே இல்லை.

போன பங்குனிக்கு முன்னால் ஊரிலிருந்து தம்பி முறைப் பையன் ஒருவன் பொங்கல் வரிக்காக அழைத்தான். இந்த வருஷம் ஆடல் பாடல், கோர்ட்டில் அனுமதி வாங்கியாகிவிட்டது என்றான். பணம் போட்டுவிட்டு, கிராமியப் பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“இல்லாமயாண்ணே? பரவைக்காரம்மா பாட்டு கட்டாயம் உண்டு. பென்டிரைவ்ல ஏத்தியாச்சு. டான்ஸ் ஆடுறதுக்குத்தேன் மூணு பேர் சென்னையிலருந்து வர்றாங்க.”