சரளைப் பாதையில் ஒரு ஞாயிறு

ஐம்பத்தாறு வயதில் ஓர் ஆசிரியன் மீண்டும் மாணவனாக வேண்டி வந்தால், அது நாணத்திற்குரியதா, நன்றிக்குரியதா? சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றின் காலைப் பொழுது இவ்வினாவுக்கு எனக்கு விடை தந்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வாழ்பவன் நான். முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் அரபு இலக்கணம் போதித்து வருகின்றேன். நான் இங்குக் குடிவந்த நாளில் செம்பாக்கம் ஏரியும் மாடம்பாக்கம் ஏரியும் வயல்களுக்கிடையே கிடந்தன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று; எங்கள் ஊரும் அதனுள் அடங்கிவிட்டது. அந்நாட்களில் வீடு வீடாகச் சென்று குர்ஆன் ஓதிக்கொடுக்க எனக்கு வாகனமாய் இருந்தது ஒரு ஹெர்குலிஸ் மிதிவண்டி. இன்றும் அது மாடிப்படியின் கீழ் நிற்கின்றது.

என் மூத்த மகனைப் பன்னிரண்டு வயதில் குர்ஆன் மனன வகுப்பில் சேர்த்தேன். மூன்றாண்டுகள் ஓதினான், பிறகு இயலாது என்று வெளியேறினான். அன்று முதல் எங்களிருவருக்கும் இடையே ஸலாமும் பதில் ஸலாமும் தவிரப் பேச்சு குறைந்துபோயிற்று. இப்போது சிறுசேரியில் கணினி நிறுவனமொன்றில் பணியாற்றுகின்றான். சென்ற ஆண்டு, என் ஐந்து மாத ஊதியத்தை விழுங்கக்கூடிய விலையில் ஒரு மிதிவண்டி வாங்கினான். ‘கிராவல் பைக்’ என்றான். ஞாயிறுதோறும் விடியுமுன் அதனை எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவான். சுப்ஹு ஜமாஅத்தில் அவன் நிற்கும் இடம் வெறுமையாய் இருக்கும். ஒருநாள் விருந்தினர் முன்னிலையில், “அல்லாஹ் உனக்குக் கால்களைக் கொடுத்தது கல்லை மிதிக்கவா, தொழுகையில் நிற்கவா?” என்று கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்து எழுந்து போனான்.

சில வாரங்களில் என் சர்க்கரை நோய் ஏறிற்று. உடற்பயிற்சி வேண்டுமென்றார் மருத்துவர். “போறவனோட நீங்களும் போய்ட்டு வாங்களேன்” என்றாள் என் துணைவி. அவள் எண்ணியது சர்க்கரையை மட்டுமன்று என்பது எனக்குப் புரியாமலில்லை.

ஞாயிறன்று நாலரை மணிக்குப் புறப்பட்டோம். அவன் தன் புது வண்டியிலும், நான் என் பழைய ஹெர்குலிஸிலும். மாடம்பாக்கம் கடந்து அகரம்தென் சேர்ந்தபோது பாங்கு நேரமாயிற்று. சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் அவன் இறங்கினான். கடைக்காரப் பாட்டி கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார். “இன்னிக்குத் தொழ ரெண்டு பேரா, தம்பி?” என்றார். அவன் ஒளூச் செய்தான். பையிலிருந்து சிறு முஸல்லா ஒன்றை எடுத்துக் கடையின் பின்புறப் பாறை மீது விரித்தான். என்னை முன்னே நிற்கச் சொன்னான்.

அத்தொழுகையில் என் ஓதல் தடுமாறிற்று. ஓராண்டுக் காலம் ஞாயிறுதோறும் இப்பாறைமீது நிறைவேறிய தொழுகையை, அவன் விட்டுவிட்டதாகவே நான் எண்ணியிருந்தேன். ஒருநாளேனும் கேட்டேனில்லை. தப்பெண்ணம் பெரும் பொய் என்று மாணவர்களுக்கு ஹதீஸ் பாடம் நடத்துகின்றவன் நான்!

விடிந்த பின் வேங்கடமங்கலம், கண்டிகை வழியாகச் சென்று, நல்லம்பாக்கத்துக் குன்றுகளின் பக்கம் திரும்பினோம். அங்கே தார் முடிந்து செம்மண்ணும் சரளையும் தொடங்குகின்றன. எங்கள் வட்டாரத்துக் குன்றுகள் பெரியவையல்ல; ஆனால் தொன்மையானவை. பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் கண்டெடுத்த கற்கருவிதான் இந்நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கே வாயில் திறந்தது. இக்குன்றுகளின் கருங்கல்லுக்குச் ‘சார்னகைட்’ என்று 1893-இல் பெயரிட்டார் தாமஸ் ஹாலண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உள்ள கல்லும் இவ்வினத்தது என்பதால் அப்பெயர். இக்கல்லை உடைத்துத்தான் சென்னையின் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் ஜல்லி போயிற்று. கல் வெட்டிய பள்ளங்களில் இன்று மழைநீர் நிற்கின்றது.

வழியில் மகன் தன் வண்டியின் இயல்பை விளக்கினான். பந்தய வண்டியின் சக்கரம் மெலிந்தது. நூறு பவுண்டு வரை காற்று ஏற்றுவார்கள். அது சரளையில் துள்ளிச் சறுக்கும். இவ்வண்டியின் சக்கரமோ நாற்பது மில்லிமீட்டர் அகலம். காற்றும் நாற்பது பவுண்டு அளவில்தான். காற்றுக் குறைவதால் ரப்பர் கல்லின் மேடுபள்ளத்தைத் தழுவிப் பிடித்துக்கொள்ளுமாம். நான் என் ஹெர்குலிஸின் சக்கரத்தைக் காட்டினேன். அளந்து பார்த்தான், அதுவும் ஏறத்தாழ அதே அகலம்! “அப்ப உங்க வண்டியோட பேரன்தான் அத்தா என் வண்டி” என்று சிரித்தான். பல ஆண்டுகளுக்குப் பின் என் முன் அவன் சிரித்தது அன்றுதான்.

சரளையில் ஓட்டுவதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் பலர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் குன்றுகளில் 2006 முதல் இருநூறு மைல் சரளைப் பந்தயம் நடக்கின்றது. இத்தாலியின் டஸ்கனியில் 1997-இல் தொடங்கிய ‘எரோய்கா’ ஓட்டமோ, அங்குள்ள வெண்சரளைப் பாதைகளைத் தார் மூடிவிடாமல் காக்கவே எழுந்ததாம். இதை அவன் சொல்லக் கேட்டு, “நல்ல யோசனை, ஆனால் அகரம்தென் பாட்டியிடம் கேட்டால், பிரசவ வண்டி வரத் தார்தான் வேண்டும் என்பாரே!” என்றேன். அவன் மறுக்கவில்லை. “ரெண்டும் வேணும் அத்தா” என்றான்.

ஓர் இறக்கத்தில் அச்சம் மேலிட்டுப் பிரேக்கை இறுகப் பற்றினேன். சக்கரம் சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. அவன் ஓடிவந்து, தன் குடிநீரால் புண்ணைக் கழுவினான். பின், “அத்தா, கல்லைப் பாக்காதீங்க. எந்தக் கல்லைப் பாக்கறீங்களோ அதுமேலதான் வண்டி ஏறும். போகவேண்டிய வழியைப் பாருங்க, கைப்பிடியைத் தளர்வாப் பிடிங்க” என்றான். அதட்டவில்லை, மூன்று முறை பொறுமையாகச் செய்து காட்டினான்.

ஆசிரியனாகிய நான் அங்கே குன்றிப்போனேன். பன்னிரண்டு வயதில் அவன் என்முன் அமர்ந்து ஓதியபோது, நான் பார்த்ததெல்லாம் பிழைகளைத்தாமே? ஒவ்வொரு தடுமாற்றத்தையும் விரல்விட்டு எண்ணினேன், பிடியை இறுக்கினேன். அவன் சறுக்கி விழுந்தபோது, குற்றம் அவனுடையது என்றேன்.

நம் தீனின் சொற்களை எண்ணிப் பாருங்கள். ‘ஷரீஅத்’ என்பதன் தொடக்கப் பொருள் நீர்த்துறைக்குச் செல்லும் வழி. ‘தரீக்கத்’ என்பது பாதை. ‘மத்ஹபு’ என்பது செல்லும் வழி. உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலுள்ள ‘சீறா’வும் நடத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்தே பிறந்தது. தமிழிலும் ‘ஆறு’ என்றால் வழி. கரடுமுரடான சிறுபாதைக்கு ‘அதர்’ என்று பெயர். இத்தனையும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தவன்தான் நான். ஆனால் வழி என்பது நடப்பவனின் காலுக்கும் உரியது என்பதை மறந்துவிட்டேன்.

மாம்பாக்கம், கேளம்பாக்கம் கடந்து, காயலின் மீது சென்று கோவளம் சேர்ந்தோம். தமீமுல் அன்ஸாரி அவர்களின் தர்ஹா உள்ள கடற்கரை அது. “இங்கே கஸ்ரு தொழலாமா அத்தா?” என்றான். “வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் வந்திருக்கின்றோம், அதற்கு ஏறத்தாழ எழுபத்தேழு வேண்டும்” என்றேன். “அப்ப அடுத்த தடவை எழுபத்தேழு போவோம்” என்றான்.

அலைகளைப் பார்த்தவாறே, “அன்று விருந்தினர் முன் சொன்னதற்கும், அதற்கு முன்னுள்ளவற்றிற்கும் என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து என் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்து, “காத்து குறைஞ்சிருக்கு அத்தா, திரும்பறதுக்கு முன்னாடி அடிச்சுக்கணும்” என்றான். அவன் குரல் கம்மியிருந்தது.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். பிள்ளைகளின் பாதையில் நாமே இட்டு மறந்த கற்களும் அவற்றுள் அடங்கும் என்றே எண்ணுகின்றேன்.

மறுவாரம் சனி இரவு, இஷாவுக்குப் பின், அவன் அறியாமல் அவன் வண்டிக்கு நானே காற்றடித்து வைத்தேன். நாற்பது பவுண்டு, கூடவுமில்லை, குறையவுமில்லை.