ராத்திரி மணலில் இரண்டாவது வண்டி

அபுதாபியில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “வாசல்லயே பாலைவனமா?” என்பதுதான். வாசலில் பாலைவனமும் இல்லை, ஒட்டகமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஏ.சி. மிஷின்தான் தெரியும். நிஜமான பாலைவனத்தைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த இடத்துக்கு லிவா என்று பெயர்.

பிறை நிலா மாதிரி வளைந்து, சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குப் பேரீச்சந்தோப்புகளும் சின்னச் சின்ன ஊர்களும். கடைசித் தோப்பின் வேலியோடு பச்சை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ரூப் அல் காலி. அரபியில் ‘வெறுமையான கால் பாகம்’ என்று அர்த்தமாம். சவூதி, ஓமன், ஏமன், எமிரேட்ஸ் என்று நான்கு தேசங்களில் பரந்து கிடக்கும் இந்த மணல், சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

இன்று அபுதாபியை ஆளும் குடும்பத்தின் பூர்வீகம் லிவாதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அவர்கள் இங்கிருந்து கடலோரத் தீவான அபுதாபிக்குப் போனார்கள். வில்ஃபிரெட் தெஸிஜர் என்ற ஆங்கிலேயர் 1946-க்கும் 1948-க்கும் நடுவில் இரண்டு முறை பெதுவின் துணைவர்களோடு ஒட்டகத்தில் இந்த மணலைக் கடந்து, பிறகு 1959-இல் ‘அரேபியன் சாண்ட்ஸ்’ என்று புத்தகமே எழுதினார். இப்போது நம்மைப் போன்றவர்கள் பிளாஸ்கில் டீயும் டிபன் பாக்ஸில் புளியோதரையும் கட்டிக்கொண்டு காரிலேயே போய் வருகிறோம்.

லிவாவின் முக்கியமான ஊர் மெசைரா. அங்கிருந்து தெற்கே மொரீப் என்ற பிரும்மாண்டமான மணல் மேடு வரை தார் ரோடு போகிறது. மேட்டின் உயரம் ஏறக்குறைய 300 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். குளிர்காலத்தில் அதன் சரிவில் வண்டி ஏற்றும் போட்டி நடக்கும். தார் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் ரோட்டை விட்டு உள்ளே இறங்கிக் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவதில்தான் ருசி என்பார் என் கணவர்.

ரோட்டில் ஓட்டத் தெரிந்தவர்களெல்லாம் மணலில் ஓட்டிவிட முடியாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். இறங்குவதற்கு முன் டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டும். ரோட்டில் 35 பவுண்டு என்றால் மணலில் 15 போதும். ஹீல்ஸ் செருப்போடு பீச் மணலில் நடந்தால் கால் புதையும், வெறுங்காலோடு நடந்தால் புதையாது அல்லவா? அதே கணக்குத்தான். காற்று குறைந்த டயர் சப்பையாகி, மணல்மேல் அகலமாக உட்காருகிறது. ஆனால் அப்படி இருக்கும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பிரேக்கையும் அழுத்தி மிதிக்கக் கூடாது. முன் சக்கரத்துக்கு எதிரே மணல் குவிந்து நமக்கு நாமே அணை கட்டிக் கொள்வோம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தானாக நிற்கும். அதுவும் இறக்கத்தைப் பார்த்து நிற்கும்படி பார்த்துக் கொண்டால், மறுபடி கிளப்புவது சுலபம்.

மணல் மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று வருகிற பக்கம் இறுகி, மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் செங்குத்தாகப் பொலபொலவென்று இருக்கும். அரிசியைக் கொட்டினால் குவியல் ஓர் அளவுக்கு மேல் நிற்காமல் சரிந்து விழுமே, அந்தச் சரிவு. இங்கே காற்று பெரும்பாலும் வடக்கு, வடமேற்கிலிருந்து வீசுவதால் செங்குத்து முகம் தெற்கே பார்த்திருக்கும். ஆகவே ரோட்டிலிருந்து தெற்கே போகிறபோது மெல்ல ஏறிச் சரசரவென்று இறங்கிவிடலாம். திரும்பி வரும்போது அதே மேடு சுவராக நிற்கும்! அதன் தோளைத் தேடிப் பிடித்து, சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். போவது எளிது, வருவதுதான் பாடு.

நாலைந்து குளிர்காலமாக இதையெல்லாம் பகலில் ஓட்டிப் பழகியிருந்தேன். ராத்திரியில் ஓட்டும் சந்தர்ப்பம் 2019 ஜனவரியில் வந்தது.

எங்களோடு அந்த முறை பக்கத்து ஃபிளாட் தம்பதி வந்திருந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தை. லேசான ஜலதோஷம் தவிர ஒன்றுமில்லை. மணலில் விளையாடி, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியவன், பதினோரு மணிக்கு எழுந்து இருமினான். இருமலா அது? நாய் குரைப்பது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ‘ஹீ’ என்று கேட்க ஆரம்பித்தது.

“அக்கா, குழந்தைக்கு என்னமோ பண்ணுதுக்கா...” என்று அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய் வந்தது. விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

பள்ளத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. இவர் மேட்டில் ஏறி 998-க்கு, அதாவது ஆம்புலன்சுக்குப் பேசினார். தார் ரோட்டுக்கு வந்துவிட்டால் அங்கே காத்திருப்பதாகச் சொன்னார்கள். ரோடு நான்கு கிலோமீட்டர். பகலில் அரை மணி நேர வழி.

“தனி வண்டியா போகக் கூடாது. நான் அவங்க வண்டிய எடுக்கிறேன். நம்ம வண்டிய நீ எடுத்துட்டுப் பின்னாடியே வா” என்றார் இவர்.

“ராத்திரியிலயாங்க? நானா?”

“புதைஞ்சா இழுக்க இன்னொரு வண்டி வேணும்மா. வேற யாரு இருக்கா?”

வாஸ்தவம்தான். அந்தத் தம்பி அன்றைக்குத்தான் மணலில் இரண்டாம் தடவை ஓட்டினார். அதிலும் குழந்தை இப்படி இருக்கையில் தகப்பன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க முடியுமா? தாய் குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில். தம்பி டார்ச்சோடு முன் சீட்டில். கூடாரத்தையும் பாத்திரங்களையும் அப்படியே போட்டுவிட்டு நான் எங்கள் வண்டியில் தனியாக ஏறினேன்.

பகலில் பார்த்த மணல் இல்லை அது. பகலில், அதுவும் காலை மாலையில், நிழல் விழும். நிழலைப் பார்த்துத்தான் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்து கொள்வோம். நிலா இல்லாத ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் மணலில் பட்டு எல்லாவற்றையும் ஒரே வெள்ளைத் துணியாக விரித்துவிடுகிறது. ஓர் ஆள் ஆழப் பள்ளமும் அதில் தெரியாது. ஏறும்போது வெளிச்சம் வானத்துக்குப் போய்விடும். மேட்டின் உச்சிக்கு அப்பால் இறக்கமா, குழியா, ஒன்றும் தெரியாது. பகலில் வண்டிகளில் உயரமான கம்பியில் கொடி கட்டியிருப்போம், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிய. இருட்டில் கொடியால் என்ன பிரயோஜனம்?

எனவே ஓர் ஏற்பாடு செய்து கொண்டோம். பெரிய மேடு வந்தால் இரண்டு வண்டியும் கீழே நிற்கும். தம்பி நடந்து ஏறி அந்தப் பக்கம் பார்த்து, டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினால் முதல் வண்டி போகும். அது கடந்து முடித்த பிறகு எனக்கு ஒரு தடவை ஆட்டுவார். அதுவரை நான் அசையக் கூடாது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால், முன் வண்டி உச்சியில் நின்றுவிட்டால் மோதுவோம். இரண்டும் புதைந்தால் இழுக்க யார்?

ஓட்டுவதைவிட அந்தக் காத்திருப்புத்தான் கஷ்டமாக இருந்தது. முன் வண்டியின் சிவப்பு விளக்கு மேட்டின் தோளில் ஏறும், சாயும், மறையும். அதற்குப் பிறகு நான், என் வண்டியின் உறுமல், இருட்டு. குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. வாய் முருகா முருகா என்றது. கை கியரிலேயே இருந்தது. மேலே டார்ச் ஆடியதும் காலை ஒரே சீராக அழுத்தி, நடுவில் விடாமல், நேராக ஏறினேன். சரிவில் குறுக்கே போனால் வண்டி உருளும் என்று இவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு நல்லது என்னவென்றால், பனி இறங்கியிருந்ததால் மணல் பகலைவிடக் கொஞ்சம் இறுகியிருந்தது.

முதல் மேடு தாண்டியாயிற்று. இரண்டாவதில், தோள் பக்கம் மணல் மாவு போல இருந்திருக்கிறது. கீழிருந்து பார்க்கிறேன், சிவப்பு விளக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து டார்ச் பக்கவாட்டில் ஆடியது. ‘வா’ என்பதற்கு நாங்கள் வைத்த அடையாளம் அது இல்லை. ‘இழுக்க வா’ என்பதற்கு வைத்தது.

மெல்ல ஏறி, அவர்கள் வண்டிக்குப் பின்னால் இரண்டு ஆள் தூரத்தில் நிறுத்தினேன். தாயும் குழந்தையும் இறங்கித் தள்ளி நின்றார்கள். இழுக்கும்போது பட்டை அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பட்டையை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டுகிற குண்டில் மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும். இவர் சக்கரத்தைச் சுற்றி மணலை வாரிவிட்டு, பட்டையை மாட்டிவிட்டு வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

“ரிவர்ஸ்ல போடு. மெதுவா இழு. பதறாத.”

முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. என் சக்கரமும் லேசாக இறங்குவது போலிருந்தது. காலை எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் மணலை வாரினார்கள். இரண்டாவது இழுப்பில், பல் பிடுங்கினாற்போல ஒரு குலுக்கல்... வண்டி வந்துவிட்டது! சற்று இடது பக்கமாக வேறு வழி பார்த்து ஏறினோம்.

நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசி மேட்டில் நின்று பார்த்தால், தூரத்தில் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக் கொண்டிருந்தது. அவ்வளவு அழகான வெளிச்சத்தை நான் எந்தத் தீபாவளியிலும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அது ‘குரூப்’ என்றார்கள். வைரஸ் கிருமியால் குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் வீங்கிக் குறுகிவிடுவது. ஆறு மாசத்திலிருந்து மூன்று வயதுக்குள் அதிகம் வருமாம், ராத்திரியில்தான் முற்றுமாம். ஸ்டீராய்டு மருந்து ஒரு வேளை கொடுத்து, மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையும் கொடுத்தார்கள். விடிவதற்குள் குழந்தை பால் கேட்டான். இளம் தாய்மார்கள் கவனித்துக் கொள்ளுங்கள்: இந்த மாதிரி இருமல் வந்தால் குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி மடியில் வைத்துக் கொள்ளுங்கள். அழவிடாதீர்கள், அழுதால் மூச்சு இன்னும் திணறும். கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்துவிடும் அபாயம் உண்டு. சும்மா இருக்கும்போதே மூச்சில் சத்தம் கேட்டாலோ, விலாவில் சதை உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மொராக்கோ தேசத்தில் 1990-லிருந்து பெண்களுக்கென்றே ஒரு பாலைவனக் கார் போட்டி நடக்கிறது. ‘கெஸல்’ போட்டி என்பார்கள். கெஸல் என்றால் ஒருவகை மான். காகித வரைபடமும் திசைகாட்டியும்தான் துணை. அதில் வேகமாக வருகிறவர்களுக்குப் பரிசு இல்லை. குறைவான தூரத்தில் வழி கண்டுபிடித்து வருகிறவர்களுக்குத்தான். இதைக் கேள்விப்பட்டபோது, மணலைப் புரிந்து கொண்டவர்கள்தான் இப்படி விதி வகுத்திருப்பார்கள் என்று தோன்றியது. பாலைவனத்தில் வேகம் பெரிதில்லை. எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதுதான் பெரிது.

வளைகுடா நாட்டில் கணவரோடு இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. லிவாவுக்கு அவசியம் போய் வாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் ரோட்டை விட்டு இறங்குவதானால் இரண்டு வண்டிக்குக் குறைந்து இறங்காதீர்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், மண்வெட்டி, இழுக்கும் பட்டை, காற்றடிக்கும் கம்ப்ரஸர், டார்ச் இரண்டு, நிறைய பெட்ரோல்... மணல் பெட்ரோலைக் குடிக்கும். குழந்தைக்கு ஜலதோஷம் இருந்தால் கூடாரத்தை ரோட்டோரமாகவே போட்டுக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. “அவர் ஓட்டுவார், நான் உட்கார்ந்து வருவேன்” என்று இருந்துவிடாமல், நீங்களும் பகலிலேயே மணலில் ஓட்டப் பழகிக் கொள்ளுங்கள். இரண்டாவது வண்டி இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்ட ஆளும் வேண்டும்.