சுமத்ரா என்னும் மதில்

செந்தூலில் புகைமூட்டம் கவிந்தால் சுமத்ராவைத்தான் வைகிறோம். நானும் வைவதுண்டு.

ஆனால் நிலப்படத்தைப் பாருங்கள். மலாக்கா நீரிணையின் இரு கரையிலும் ஒரே வெயில், ஒரே மழை. ரப்பரும் செம்பனையும் அங்கும் உண்டு. டெலி தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்கள் மேடானில் 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. வேற்றுமை மண்ணுக்கு அடியில். சுமத்ராவின் மேற்கே, கடலடியில் ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் நுழைகிறது. அதனால் அங்கே எரிமலைகள், நிலநடுக்கங்கள். நம் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை.

"ஆழிப்பேரலை நம்ம பக்கம் ஏன் சார் பெருசா வரல?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். 26.12.2004 அன்று ஆச்சேயில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமத்ராவின் வடமுனையை வளைத்து, வலுக் குறைந்து வந்த அலையில் பினாங்கு, கெடா முதலிய இடங்களில் நாம் இழந்தது சுமார் 70 பேர். படத்தில் சுமத்ராவைக் கையால் மறைத்துக் காட்டினேன். கிள்ளானுக்கும் இந்துமாக்கடலுக்கும் நடுவே எதுவுமில்லை. பையன் வாய் திறக்கவில்லை.