தலைமேல் ஒரு கோடு

அச்சுப் பிழைகளில் பல ஜாதிகள் உண்டு. 'காளை' என்பது 'காலை' ஆகிவிட்டால் வாசகர் சிரித்துவிட்டு மேலே போய்விடுவார். ஆனால் எழுத்து ஒன்றும் தவறாமல், ஸ்வரம் மட்டும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? துவஷ்டாவின் கதையே அதற்கு விடை.

தம் மகன் விசுவரூபனைக் கொன்ற இந்திரனைப் பழி வாங்க ஒரு புத்திரனை வேண்டித் துவஷ்டா வேள்வி செய்தார். அப்போது அவர் சொன்ன சொல் 'இந்திரசத்துரு.' கடைசி அசையில் உதாத்தம் வைத்தால் அதற்கு 'இந்திரனைக் கொல்பவன்' என்று பொருள். முதல் அசையில் வைத்தால் 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்று பொருள். அவர் வைத்தது முதல் அசையில். பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். இலக்கணம் ஏன் கற்கவேண்டும் என்பதற்குப் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்காட்டுகிறார்.

இக்கதையை நன்றாக அறிந்திருந்தும் நாம் சறுக்கி விழுந்தோம்.

நமக்குப் பழக்கமான கனபாடிகள் ஒருவருக்கு ஒரே பேரன். கடல் கடந்த தேசத்தில் வளரும் பிள்ளை. நாகரி எழுத்து அறியான். தொலைபேசியில் தாத்தாவிடம் சில சூக்தங்களைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். "ரோமன் எழுத்தில் ஒரு சின்னப் புஸ்தகம் கோத்துக் கொடும், ஐயா, கண்ணை மூடுவதற்குள் அவன் வாயால் கேட்டுவிட வேண்டும்" என்றார் கனபாடிகள். நாமும் கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஐரோப்பியப் பண்டிதர்களின் முறைப்படி ஸ்வரக் குறிகளுடன் கோத்து, மூன்று முறை சரிபார்த்து அனுப்பினோம்.

ஒரு வாரம் கழித்துக் கனபாடிகள் அழைத்தார். "என்ன ஐயா, பையன் குரலை உயர்த்த வேண்டிய இடத்துக்கு ஓர் அசை முன்னாலேயே உயர்த்துகிறானே! கேட்டால், 'புஸ்தகத்தில் அங்கேதான் கோடு இருக்கிறது, தாத்தா' என்கிறான்."

பதறிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினோம். பிழை ஒன்றுமில்லை! கோளாறு வேறிடத்தில் இருந்தது.

ரிக்வேதத்தை நாகரியில் எழுதும்போது அனுதாத்தத்துக்கு அசையின் கீழே படுக்கைக் கோடு. ஸ்வரிதத்துக்குத் தலைமேல் செங்குத்துக் கோடு. முக்கியமான உதாத்தத்துக்கோ குறியே கிடையாது. ரோமன் எழுத்தில் எல்லாம் தலைகீழ். உதாத்தத்தின்மேல்தான் சாய்ந்த கோடு. அதைத் தொடரும் ஸ்வரிதத்துக்குக் குறியில்லை. 'இந்த்ர:' என்னும் ஒரு சொல்லையே பாருங்கள். நாகரியில் கோடு இரண்டாம் அசைமேல் நிற்கும். ரோமனில் முதல் அசைமேல் சாயும். இலக்கண ஆராய்ச்சிக்கு உதாத்தம் இருக்குமிடம் தெரிந்தால் போதும். மற்றவற்றை விதியால் அறியலாம். அத்யயனம் செய்பவரின் தொண்டையோ இன்று ஸ்வரிதத்தில்தான் உச்சிக்கு ஏறுகிறது. நாகரிக் கோடு தொண்டைக்கு. ரோமன் கோடு ஆராய்ச்சிக்கு. பண்டிதருக்கு உரிய புத்தகத்தை நாம் பாலகன் கையில் கொடுத்துவிட்டோம்!

இந்தக் குழப்பம் நம்மோடு நிற்கவில்லை. ரிக்வேதத்தில் தாழ்ந்த ஸ்வரத்தைக் காட்டும் அதே கீழ்க்கோடு, சதபத பிராம்மணத்தில் உதாத்தத்தைக் காட்டுகிறது. சாமவேதத்திலோ கோட்டுக்குப் பதில் 1, 2, 3 என்ற எண்கள் தலைமேல் ஏறிக்கொள்கின்றன. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் கணிப்பொறியில் எண் வழங்கும் யூனிகோட் முறையிலும், அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு வைத்திருக்கும் பெயர் 'உதாத்தம்'. அது பெரும்பாலும் குறிப்பதோ ஸ்வரிதத்தை! ஒரு முறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே விதி. 2009-ஆம் வருஷம் வேத ஸ்வரங்களுக்கென்றே தனிப் பகுதி ஒன்று சேர்த்த பிறகும் அந்தப் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.

நாம் மறுபடியும் கோத்தோம். இம்முறை ரோமன் எழுத்துக்குக் கீழும் மேலும் நாகரிக் கோடுகளையே இட்டோம். எளிதில் முடிந்த வேலை அன்று. நெடிலின் தலையில் ஏற்கெனவே ஒரு கோடு படுத்திருக்கிறது. அதன்மேல் இன்னொன்றை நிறுத்தினால் மேல் வரியில் போய் முட்டுகிறது. 'ரு' என்னும் உயிரெழுத்தின் கீழே ஒரு புள்ளி உண்டு. அதன் கீழ்க் கோடு இட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. வரிகளுக்கிடையே இடம் பெருக்கி, கோடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி முடிக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின.

சென்ற மாதம் கனபாடிகளின் வீட்டுக்குப் போயிருந்தோம். தொலைபேசியில் பேரன் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் ஏற்ற இறக்கம் காட்டிக்கொண்டிருந்தார். இறுதி வரை அவர் விரல் ஓரிடத்திலும் தயங்கவில்லை. பையன் முடித்ததும், "இன்னொரு தரம் சொல்லு" என்றார்; திருத்துவதற்காக அல்ல.